குன்றாமல் சுருக்குதல்: ஒரு பக்கத்துக்குள் எங்கள் சாட்சியம்

வடக்கு, கிழக்கில் உறவுகளைத் தேடும் குடும்பங்களின் வீடுகளில் எப்படியும் ஒரு கோவை இருக்கும். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, கிராம அலுவலரின் கடிதம், செஞ்சிலுவைச் சங்கத்தில் பதிந்த துண்டு, மங்கிப்போன ஒரு கடவுச்சீட்டு அளவுப் படம், ஆணைக்குழுக்களுக்குக் கொடுத்த மனுக்களின் போட்டோ கொப்பிகள். 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு வந்தது. 2013இல் பரணகம ஆணைக்குழு வந்தது. 2016இல் நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றிய கலந்தாலோசனைச் செயலணி மக்களிடம் கருத்துக் கேட்டது. 2018இல் காணாமல் போனோர் அலுவலகத்துக்கு ஆணையாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். ஒவ்வொரு முறையும் அதே தாய் அதே கதையை முதலிலிருந்து சொல்லவேண்டி வந்தது.

கதை நீளமானது. அதற்குக் கிடைக்கும் இடமோ சிறியது. படிவத்தில் 'சம்பவத்தின் சுருக்கம்' என்று ஐந்தாறு வரிகள். ஆணைக்குழுவின் முன் சில நிமிடங்கள். ஜெனிவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் பொது விவாதத்தில் ஓர் அமைப்புக்குப் பேசக் கிடைப்பது ஓரிரு நிமிடங்களே. நிதானமாக வாசித்தால் ஒரு நிமிடத்துக்குள் ஏறத்தாழ நூறு தமிழ்ச் சொற்கள்தான் அடங்கும். அந்த நூறு சொற்களுக்குள் எது நிற்கவேண்டும், எது போகலாம் என்று யாரோ ஒருவர் தீர்மானிக்கிறார். அது நாங்களாக இல்லாவிட்டால் வேறு யாராவது தீர்மானிப்பார்கள்.

நான் வன்னியில் பல ஆண்டுகள் தமிழ் படிப்பித்தவன். சாதாரண தரப் பரீட்சைக்குப் பிள்ளைகளுக்குச் சுருக்கம் எழுதப் பழக்கியிருக்கிறேன். ஓய்வுபெற்ற பிறகு அயலவர்களுக்கு மனுவும் கடிதமும் எழுதிக் கொடுக்கிறேன். வகுப்பறையில் புள்ளிக்காகச் சொல்லிக் கொடுத்த அதே பயிற்சி, வெளியில் ஒரு மனிதரின் வழக்கையே தாங்கி நிற்பதை இந்த இரண்டாவது வேலையில் பார்க்கிறேன். அதனால் இதை எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரிந்த அளவில் எழுதி வைக்கிறேன். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும் இது உதவும். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு மனு எழுதிக் கொடுக்கும் அதே பிள்ளைக்கும் உதவும்.

சுருக்குவதும் குன்றுவதும்

சுருக்கம் என்றால் நீளத்தைக் குறைப்பது என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். எங்கள் இலக்கண மரபு அதைவிட நுட்பமாகப் பார்த்திருக்கிறது. தொல்காப்பியம் வழிநூல்களை வகைப்படுத்தும்போது தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என்று நான்கைச் சொல்கிறது. அதாவது, விரிந்த ஒன்றைத் தொகுத்துத் தருவது தனியான ஒரு நூலாக்க வேலை என்று அப்போதே கருதியிருக்கிறார்கள்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல் இன்னும் தெளிவாகச் சொல்கிறது. நூலுக்குரிய பத்து அழகுகளில் முதலாவது 'சுருங்கச் சொல்லல்'. இரண்டாவது 'விளங்க வைத்தல்'. பத்துக் குற்றங்களில் முதலாவது 'குன்றக் கூறல்'. அதற்கு அடுத்தது 'மிகைபடக் கூறல்'. மேலோட்டமாகப் பார்த்தால் சுருங்கச் சொல்வதும் குன்றக் கூறுவதும் ஒன்றுபோலத் தெரியும். இரண்டிலும் சொற்கள் குறைவு. ஆனால், ஒன்று அழகு, மற்றது குற்றம். சுருங்கச் சொல்லும்போது சொல் குறைகிறது, பொருள் அப்படியே நிற்கிறது. குன்றக் கூறும்போது பொருளே குறைந்துவிடுகிறது.

சுருக்கம் எழுதும் கலை முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் இருக்கிறது. மனு எழுதும்போது அந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம்.

ஒரு மாதிரி

கீழே உள்ளது விளக்கத்துக்காக நான் எழுதிய மாதிரி. எந்தவொரு தனி நபரின் சாட்சியமும் அல்ல. ஆனால், இதுபோன்றவற்றை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

"எங்கட சொந்த இடம் கிளிநொச்சி. இடம்பெயர்ந்து தர்மபுரம், விசுவமடு, தேவிபுரம், இரணைப்பாலை எண்டு போய்க் கடைசியா முள்ளிவாய்க்காலில இருந்தனாங்கள். சாப்பாடு இல்லை. ஒரு நேரக் கஞ்சிதான். என்ர மூத்தவனுக்கு அப்ப இருபத்திரண்டு வயசு. நல்ல பிள்ளை, ஒருத்தற்ற சோலிக்கும் போகாதவன். மே பதினேழாம் திகதி இரவு முழுக்கச் செல்லடி. விடிய நாங்கள் சனத்தோட சனமா வட்டுவாகல் பாலத்தால நடந்து வந்தனாங்கள். நான், இவர், மூத்தவன், சின்னவள், நாலு பேரும். பாலம் தாண்டி ஒரு வெளியில எல்லாரையும் இருத்தி வைச்சவை. இயக்கத்தில ஒரு நாள் இருந்தாலும் வந்து பதியச் சொல்லி ஒலிபெருக்கியில தமிழில சொன்னவை. இவனைக் கட்டாயமாப் பிடிச்சுக்கொண்டு போனவை, மூண்டு மாசம்தான் இருந்தவன். ஒரு ஆமிக்காரர் என்னட்ட, 'விசாரிச்சிட்டு விடுவம் அம்மா' எண்டு சொன்னவர். நான்தான் கையில பிடிச்சுக் கொண்டுபோய் விட்டனான். அவனோட இன்னும் கனபேர் இருந்தவை. பிறகு ஒரு பஸ்சில ஏத்தினதை என்ர கண்ணாலே கண்டனான். பஸ் நம்பர் தெரியாது. எங்களை வேற பஸ்சில செட்டிகுளம் முகாமுக்குக் கொண்டுபோனவை. அங்க ஒரு பெடியன் சொன்னவன், வெலிக்கந்தைப் பக்கம் ஒரு முகாமில அவனைக் கண்டவையாம் எண்டு. நான் போகாத இடமில்லை. பொலிசில முறைப்பாடு குடுத்தனான், செஞ்சிலுவைச் சங்கத்தில பதிஞ்சனான். இண்டுவரைக்கும் ஒரு பதிலும் இல்லை. இவர் ஏங்கி ஏங்கியே மூண்டு வருசத்துக்கு முதல் செத்துப்போனார். இண்டைக்கும் நான் படலை பூட்டிறேல்ல."

ஏறத்தாழ 145 சொற்கள். இதை அவசரத்தில் சுருக்கினால் பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

"யுத்தத்தால் பல இடங்களுக்கு இடம்பெயர்ந்த இப்பெண் சொல்லொணாத் துன்பங்களை அனுபவித்தார். முள்ளிவாய்க்காலில் இருந்து வரும்போது இவரது மகன் காணாமல் போனார். மகன் வெலிக்கந்தை முகாமில் வைக்கப்பட்டிருந்தார். கணவரையும் இழந்த இவர் இன்றும் நீதிக்காகக் காத்திருக்கிறார்."

நல்ல தமிழ்தான். பிழையில்லாத வசனங்கள். 25 சொற்களுக்குள் முடிந்துவிட்டது. ஆனால், இது குன்றக் கூறல். அந்தத் தாய் சொன்ன வழக்கு இதில் இல்லை. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

யார் செய்தது?

'மகன் காணாமல் போனார்' என்ற வசனத்தில் மகன்தான் எழுவாய். அவராகவே எங்கோ போய்விட்டதுபோல அது ஒலிக்கிறது. தாய் சொன்னது வேறு. ஓர் இராணுவத்தினர் வாக்குக் கொடுத்தார், அந்த வாக்கை நம்பித் தன் கையால் கொண்டுபோய் விட்டார், பஸ்ஸில் ஏற்றியதைக் கண்டார். ஒப்படைத்தவர் இருக்கிறார், பொறுப்பேற்ற தரப்பு இருக்கிறது. 'காணாமல் ஆக்கப்பட்டவர்' என்ற சொல்லில் குடும்பங்கள் இவ்வளவு உறுதியாக நிற்பதன் காரணம் இதுதான். பலவந்தமாகக் காணாமல் ஆக்கப்படுவதிலிருந்து எல்லோரையும் பாதுகாக்கும் சர்வதேச சமவாயத்தை இலங்கை 2016 மே மாதத்தில் ஏற்று உறுதிப்படுத்தியது. அதற்கு அமைவான உள்நாட்டுச் சட்டம் 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமாக வந்தது. சட்டத்தின் கண்ணிலும் இரண்டு சொற்களும் ஒன்றல்ல.

தமிழில் எழுவாயை விட்டுவிட்டு வசனம் எழுதுவது சுலபம். 'கொண்டு செல்லப்பட்டார்', 'ஏற்றப்பட்டார்' என்று செயப்பாட்டு வினையில் எழுதினால் செய்தவர் காணாமல் போய்விடுவார். சுருக்கும்போது சொல் மிச்சம் பிடிக்க இந்த வழி எப்போதும் கூப்பிடும். ஆகவே, ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: சொன்னவர் 'யார்' என்று சொல்லியிருந்தால் அதை விடவே கூடாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒலிபெருக்கியில் அறிவித்தது யார் என்று மாதிரியிலுள்ள தாய் சொல்லவில்லை. 'சொன்னவை' என்றுதான் சொன்னார். அங்கே நாங்களாக ஒரு பெயரை இட்டு நிரப்பக் கூடாது. அவர் பக்கத்தில் இருந்தால் கேட்டு எழுதலாம். இல்லாவிட்டால் 'அறிவித்தார்கள்' என்றே விடவேண்டும்.

கண்டதா, கேட்டதா?

தமிழில் 'ஆம்' என்று வினையோடு ஒட்டி வரும் ஒரு சிறிய விகுதி இருக்கிறது. 'வந்தான்' என்றால் எனக்குத் தெரியும். 'வந்தானாம்' என்றால் யாரோ சொன்னார்கள். பேச்சில் நாங்கள் இதை ஒருபோதும் மாற்றிச் சொல்வதில்லை. எழுத்தில் சுருக்கும்போதுதான் அது முதலில் உதிர்ந்துவிடுகிறது.

மாதிரியில் 'கண்டவையாம்' என்று இருக்கிறது. முகாமில் கண்டவர்கள் வேறு, அதைக் கேட்டுச் சொன்ன பெடியன் வேறு, அவனிடம் கேட்ட தாய் வேறு. மூன்றாம் கைத் தகவல். அவசரச் சுருக்கத்தில் அது 'முகாமில் வைக்கப்பட்டிருந்தார்' என்று முடிந்த உண்மையாகிவிட்டது. நாளைக்கு ஒரு விசாரணையில் 'உங்கள் மகன் அங்கே இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்டால் தாய், 'ஒரு பெடியன் சொன்னவன்' என்பார். எழுத்தில் ஒன்று, வாயில் ஒன்று என்று பதிவாகும். அவர் பொய் சொல்லவில்லை. ஆனாலும், அவருடைய வாக்குமூலம் முழுவதும் சந்தேகத்துக்குள்ளாகும். கண்ணால் கண்டதாக அவர் சொன்ன பஸ்ஸும் அதோடு சேர்ந்து அடிபட்டுப் போகும்.

எனவே, 'கண்டேன்', 'கேட்டேன்', 'என்று நினைக்கிறேன்', 'தெரியாது' ஆகிய நான்கும் சுருக்கத்திலும் அவற்றின் இடத்திலேயே இருக்கவேண்டும். பலர் 'தெரியாது' என்பதை எழுதத் தயங்குகிறார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்பவர் தெரிந்ததையும் சரியாகச் சொல்வார் என்ற நம்பிக்கை வாசிப்பவருக்கு வரும்.

எப்போது, எங்கே?

வன்னிச் சனத்துக்கு 2009இல் நாட்காட்டி இருக்கவில்லை. 'இரணைப்பாலையில் இருக்கேக்க', 'மாத்தளன் உடைஞ்ச அண்டைக்கு' என்றுதான் காலத்தைச் சொல்வார்கள். அதை அப்படியே எழுதினால் கொழும்பிலோ ஜெனிவாவிலோ இருப்பவருக்கு விளங்காது. முற்றாக வெட்டினால் காலமே இல்லாமல் போய்விடும்.

பொதுப் பதிவில் உறுதியான திகதி இருக்கும் நிகழ்வுகளோடு பொருத்திப் பார்க்கலாம். கிளிநொச்சி நகரம் இராணுவத்திடம் வீழ்ந்தது 2009 ஜனவரி 2. மாத்தளனில் மண்அணை உடைக்கப்பட்டு பெருந்தொகையான மக்கள் வெளியேறியது ஏப்ரல் 20. இப்படிப் பொருத்திய பிறகு சொன்னவரிடம் அதைக் கேட்டு உறுதிசெய்யவேண்டும். மாதிரியில் தாய் 'மே பதினேழு இரவு, விடிய' என்கிறார். சம்பவம் முள்ளிவாய்க்காலில் இருந்து வெளியேறியது. ஆகவே, 2009 மே 18 காலை என்று எழுதலாம். உறுதியில்லாவிட்டால் 'மே நடுப்பகுதியில்' என்று எழுதுங்கள். இல்லாத திகதியை உருவாக்க வேண்டாம்.

சேர்க்காதே

பரீட்சையில் சுருக்கம் எழுதும் பிள்ளைக்கு முதலில் சொல்வது, 'உன் சொந்தக் கருத்தைச் சேர்க்காதே' என்பதுதான். 'சொல்லொணாத் துன்பங்கள்' தாய் சொன்னதல்ல. அவர் 'ஒரு நேரக் கஞ்சி' என்றார். 'நீதிக்காகக் காத்திருக்கிறார்' என்பதும் எழுதியவர் சேர்த்தது. அவர் மகனுக்காகக் காத்திருக்கிறார். இரண்டும் ஒன்றாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதை அவர்தான் சொல்லவேண்டும். 'கணவரையும் இழந்த' என்பது யுத்தத்தில் இழந்ததுபோலத் தொனிக்கிறது. அவர் இறந்தது மூன்று வருடங்களுக்கு முன்தான்.

பெரிய சொற்கள் வாசிப்பவரை உருக்கும் என்று நினைக்கிறோம். ஆயிரக்கணக்கான மனுக்களைப் பார்க்கும் அதிகாரிக்கு 'சொல்லொணாத் துன்பம்' எல்லா மனுவிலும் இருக்கும் ஒரு வரி. 'பஸ்ஸில் ஏற்றியதைக் கண்டேன்' என்பது இந்த மனுவில் மட்டும் இருக்கும் வரி.

எங்களுக்கு வசதியில்லாதது

இது எழுதக் கொஞ்சம் கடினமான இடம். சுருக்குபவருக்கும் ஒரு பக்கம் இருக்கும். அந்தப் பக்கத்துக்கு வசதியில்லாததுதான் முதலில் வெட்டுப்படும். 'இவனைக் கட்டாயமாப் பிடிச்சுக்கொண்டு போனவை' என்ற வரியை ஒருவர் மெதுவாக விட்டுவிடுவார், இயக்கத்தைப் பற்றிக் குறைசொன்னதுபோல இருக்கிறதே என்று. இன்னொருவர் 'மூண்டு மாசம் இருந்தவன்' என்பதை விடுவார், மகனுக்குப் பாதகமாக இருக்கும் என்று. மூன்றாமவர் 'நான்தான் கொண்டுபோய் விட்டனான்' என்பதை விடுவார், தாய்க்கு மனம் நோகும் என்று.

மூன்று பேரும் நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார்கள். ஆனால், அந்த மூன்று வரிகளும் சேர்ந்தால்தான் ஏன் அந்தப் பிள்ளை பதியப் போனான், யார் நம்பவைத்தார்கள், யார் சாட்சி என்பது விளங்கும். பாதுகாப்புக் காரணத்துக்காக ஒரு விடயத்தைச் சொல்லாமல் விடுவது வேறு. அது கதைக்குச் சொந்தக்காரர் எடுக்கவேண்டிய முடிவு. 'அம்மா, இதை எழுதட்டோ, வேண்டாமோ?' என்று கேளுங்கள். கேட்காமல் வெட்டும் உரிமை எழுதிக் கொடுப்பவருக்கு இல்லை.

அப்படியானால் எதைத்தான் வெட்டுவது?

நிறைய வெட்டலாம். நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் ஒழுங்கு இது.

முதலில் பேனா இல்லாமல் முழுவதையும் இரண்டு தரம் வாசிக்கவேண்டும். வாசிக்க வாசிக்கக் கோடு போட்டால் எல்லாவற்றுக்கும் கோடு போடுவோம். கிரகித்தல் இல்லாமல் சுருக்கம் இல்லை.

இரண்டாவது, யார் வாசிக்கப் போகிறார், வாசித்துவிட்டு என்ன செய்யவேண்டும் என்று ஒரு வரியில் எழுதுங்கள். மாதிரிக்கு: 'விசாரணை அதிகாரி வாசிப்பார். மகனை யார், எங்கே, எப்போது பொறுப்பேற்றார்கள் என்று அவர் தேடவேண்டும்.' இந்த ஒரு வரி வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மூன்றாவது, அந்த வரிக்கு உதவுவது, உதவலாம், உதவாது என்று விடயங்களை மூன்றாகப் பிரியுங்கள். இடம்பெயர்ந்த ஊர்களின் பெயர்கள் இந்த மனுவுக்கு உதவாது. கஞ்சியும் உதவாது. செல்லடி உதவலாம். பஸ் உதவும்.

நான்காவது, பட்டியல்களை ஒரு பொதுச் சொல்லாக்குங்கள். 'நான், இவர், மூத்தவன், சின்னவள்' என்பது 'குடும்பத்துடன்' ஆகும். ஆனால், அந்த நால்வரில் ஒருவர் சாட்சியாக வரப்போகிறார் என்றால் அவருடைய பெயர் நிற்கவேண்டும்.

ஐந்தாவது, வசனங்களைச் சேருங்கள். இதில் தமிழுக்குப் பெரிய வசதி இருக்கிறது. 'மகன் இயக்கத்தில் இருந்தார். அவரைக் கட்டாயமாகப் பிடித்தார்கள். மூன்று மாதம் இருந்தார்' என்ற மூன்றையும் வினையெச்சம், பெயரெச்சம் கொண்டு 'கட்டாயமாகப் பிடிக்கப்பட்டு மூன்று மாதம் இருந்த மகன்' என்று ஒன்றாக்கலாம். அளவு மீறிச் சேர்த்தால் வசனம் நீண்டு, யார் எதைச் செய்தார் என்பது குழம்பும். சத்தமாக வாசிக்கும்போது மூச்சு வாங்கினால் இரண்டாக உடையுங்கள்.

ஆறாவது, ஒருவர் பேசியதைப் பொதுவாக அயற்கூற்றாக மாற்றுங்கள். ஆனால், ஒரு வாக்குறுதி, ஒரு கட்டளை, ஒரு மிரட்டல் என்றால் அதை நேர்கூற்றாகவே வையுங்கள். 'விசாரித்துவிட்டு விடுவோம்' என்ற இரண்டு சொற்களும் ஆதாரம்.

இப்படிச் செய்தால் மாதிரி இவ்வாறு வரும்:

"கிளிநொச்சியைச் சேர்ந்த நான், 2009 மே 18 காலை குடும்பத்துடன் வட்டுவாகல் பாலத்தால் வந்தேன். இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவரும் பதியவேண்டும் என ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்தார்கள். இயக்கத்தால் கட்டாயமாகப் பிடிக்கப்பட்டு மூன்று மாதம் இருந்த என் மூத்த மகனை (வயது 22), 'விசாரித்துவிட்டு விடுவோம்' என்று இராணுவத்தினர் ஒருவர் கூறியதால் நானே கையளித்தேன். வேறு பலருடன் அவர் பஸ்ஸில் ஏற்றப்பட்டதை நேரில் கண்டேன். பின்னர் வெலிக்கந்தைப் பகுதி முகாமொன்றில் அவரைச் சிலர் கண்டதாக இளைஞர் ஒருவர் சொல்லக் கேட்டேன். பொலிஸிலும் செஞ்சிலுவைச் சங்கத்திலும் பதிந்துள்ளேன். இன்றுவரை பதில் இல்லை."

64 சொற்கள். பரீட்சையில் மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கச் சொன்னால் 48 சொற்களுக்குள் வரவேண்டும். அங்கே ஒலிபெருக்கி வசனத்தை விடலாம், வெலிக்கந்தையை இன்னும் குறுக்கலாம். மனுவில் அந்த 16 சொற்களும் இருக்கட்டும். பரீட்சையில் அளவை வினாத்தாள் தீர்மானிக்கிறது. மனுவில் விடயம் தீர்மானிக்கிறது. இடம் இன்னும் குறைவு என்றால் இதையும் ஒரே வசனமாக்கலாம்: "2009 மே 18 வட்டுவாகலில், 'விசாரித்துவிட்டு விடுவோம்' என்ற இராணுவத்தினர் ஒருவரின் வாக்கை நம்பி நான் கையளித்த என் மகனைப் பற்றி இன்றுவரை பதில் இல்லை." யார், எப்போது, எங்கே, என்ன என்ற நான்கும் இதிலும் நிற்கின்றன.

'படலை பூட்டிறேல்ல' என்ற வரி இரண்டிலும் இல்லை. அது பெறுமதியற்றது என்று பொருள் அல்ல. அதே தாயைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதினால் அந்த வரிதான் முதலில் நிற்கவேண்டும். வாசிப்பவர் மாறினால் சுருக்கமும் மாறும். அதனால்தான் முழுக்கதையை எப்போதும் தனியாக எழுதி, அல்லது ஒலிப்பதிவு செய்து வைத்திருக்கவேண்டும். சுருக்கம் முழுக்கதைக்குப் போகும் வாசல். வாசலைக் கட்டிவிட்டு வீட்டை இடிக்கக் கூடாது.

எங்களைப் பற்றி எழுதியவற்றைச் சுருக்கும்போது

இன்னொரு திசையிலும் இந்தப் பயிற்சி தேவை. எங்களைப் பற்றிய பெரிய அறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், நூற்றுக்கணக்கான பக்கங்களில் வருகின்றன. 2015 செப்டெம்பரில் வெளியான ஐ.நா. மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் அலுவலகத்தின் விசாரணை அறிக்கை 261 பக்கங்கள். ஊரில் ஒருவர் அதை வாசித்து மற்றவர்களுக்குச் சுருக்கிச் சொல்கிறார். அப்போது மூன்று விடயங்களைப் பிரித்துச் சொல்லவேண்டும்: என்ன கண்டறிந்தார்கள், என்ன பரிந்துரைத்தார்கள், என்ன நடந்தது.

2015இல் இந்த மூன்றும் எங்கள் பேச்சில் 'சர்வதேச விசாரணை வருகிறது' என்ற ஒரே வரியாகச் சுருங்கியது. அந்த அறிக்கை பரிந்துரைத்தது சர்வதேச நீதிபதிகளையும் உள்ளடக்கிய ஒரு கலப்பு விசேட நீதிமன்றம். அடுத்து, ஒக்டோபர் 1ஆம் திகதி இலங்கையின் இணை அனுசரணையோடு நிறைவேறிய 30/1 தீர்மானம் சொன்னது, வெளிநாட்டு நீதிபதிகளும் சட்டத்தரணிகளும் பங்குபற்றும் ஓர் இலங்கை நீதிப் பொறிமுறை. நிலத்தில் இரண்டுமே அமைக்கப்படவில்லை. 2020 பெப்ரவரியில் அரசாங்கம் அந்த இணை அனுசரணையிலிருந்து விலகுவதாக அறிவித்தது. பரிந்துரையை முடிவாகவும், முடிவை நடைமுறையாகவும் கேட்டுக்கொண்ட சனம் அந்த ஏமாற்றத்தை இரண்டு மடங்காகச் சுமந்தது. அந்த ஒரு வரியை மூன்று வரியாகச் சொல்லியிருந்தால் அரசியல் மாறியிருக்காது. ஆனால், எதை எதிர்பார்க்கலாம், எதைத் தொடர்ந்து கேட்கவேண்டும் என்று சனத்துக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கும்.

பழகுவது எப்படி?

வாரத்துக்கு ஒரு தரம், பத்திரிகையில் ஏறத்தாழ 300 சொற்களுள்ள ஒரு கட்டுரையை எடுங்கள். அதை 100 சொற்களாக்குங்கள். அந்த 100ஐ 30 ஆக்குங்கள். 30ஐ ஒரே வசனமாக்குங்கள். ஒவ்வொரு படியிலும் எதை விட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்று பக்கத்தில் குறியுங்கள். அந்தக் குறிப்புத்தான் உண்மையான பயிற்சி. பிறகு மூலத்தை வாசிக்காத ஒருவரிடம் சுருக்கத்தைக் கொடுத்து, 'என்ன நடந்தது?' என்று கேளுங்கள். அவர் சொல்வது மூலத்தோடு பொருந்தினால் நீங்கள் சுருக்கியிருக்கிறீர்கள். பொருந்தாவிட்டால் குன்றியிருக்கிறது.

மனு என்றால் இன்னும் ஒரு படி இருக்கிறது. எழுதியதைக் கதைக்குச் சொந்தமானவருக்கு மெதுவாக, முழுவதும் வாசித்துக் காட்டுங்கள். அவர் எழுத்தறிந்தவராக இருந்தாலும் வாசித்துக் காட்டுங்கள். 'நான் சொன்னது இதுதானோ? சொல்லாதது ஏதும் இருக்குதோ?' என்று இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். திருத்தச் சொன்னால் திருத்துங்கள். திகதி போட்டு, கையொப்பம் வாங்கி, ஒரு பிரதியை அவருடைய கோவையில் வையுங்கள். அடுத்த ஆணைக்குழு வரும்போது அவர் முதலிலிருந்து தொடங்கவேண்டியதில்லை. அந்தப் பக்கத்தை எடுத்து நீட்டினால் போதும்.